இருபத்திரண்டாவது நகர்வு

பண்டாரவளை மண்டபத்தில் கடைசிச் சதுரங்க ஆட்டத்தை ஜெயித்துக் கம்சலா கைகொடுத்தாளோ இல்லையோ, வடிவேல் முதலாளி மேடைக்குப் பக்கத்தில் நின்று போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

"களவு! இருபத்தோராவது நகர்வு முடிஞ்சதும் எந்திரிச்சு டாய்லட்டுக்குப் போனா. அங்க போன்ல பாத்துட்டு வந்துதான் ஆடுனா. இல்லாட்டி லயத்துப் புள்ளைக்கு இப்படி ஆட வருமா?"

அவர் பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவர். தோற்றது அவர் மகள் துவாரகா. மகள் தோற்றதுகூட அவருக்குப் பெரிதில்லை. கொஸ்லந்தைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் இருந்து தேயிலைக் கொழுந்து பறிப்பவளின் மகளிடம் தோற்றதுதான் வயிற்றெரிச்சல். களவு என்று முடிவானால் கம்சலாவுக்கு மாகாண அணியில் இடம் போய்விடும். அதைவிட மோசம், பெயர் போய்விடும்.

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அழப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவள் நேரே நடுவர் ஷிஹானா டீச்சரிடம் போனாள்.

"ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல போடுங்க டீச்சர்."

ஆடிய இருவரும் எழுதிவைத்த நகர்வுகளை டீச்சர் ஒவ்வொன்றாக ஏற்றினார். திரையின் ஓரத்தில் அவை வரிசையாக நின்றன. எதை அழுத்தினாலும் பலகை அந்த நேரத்துக்குத் திரும்பிவிடும். கடைசி நகர்வுகளைப் பார்த்ததும் முதலாளி துள்ளினார். கம்ப்யூட்டர் சொன்னதும் அவள் ஆடியதும் ஒன்றேதான்.

"பின்னால போங்க டீச்சர். நான் டாய்லட்டுக்குப் போய்ட்டு வந்து ஆடுனது இருபத்திரண்டு."

டீச்சர் அழுத்தினார். மூலைக் கோட்டையை இறக்கினால் மூன்றே நகர்வில் ஆட்டம் முடியும் என்று காட்டியது கம்ப்யூட்டர். கம்சலாவோ ஒரு காலாளைத் தள்ளியிருந்தாள். அதற்குப் பக்கத்தில், பெரிய தவறு என்று காட்ட இரண்டு கேள்விக்குறி.

"போன்ல பாத்தவ இப்படியா ஆடுவா? எங்க லயத்துக்கே ஒரு செட்டுதாங்க. அதுல அந்தக் கோட்டைக்கு அடி ஒடஞ்சிருச்சு. மூலைச் சட்டத்துல சாச்சு வச்சாத்தான் நிக்கும். அதனால யாரும் தொடமாட்டோம். அந்தப் பழக்கம் இங்கயும் வந்துருச்சு."

யாரோ சிரித்தார்கள். துவாரகா சிரிக்கவில்லை.

"ஆமாப்பா, அந்தக் கோட்டைக்குத்தான் நானும் பயந்துக்கிட்டிருந்தேன். அவ ஆடல."

"சரி சரி, தெரியாம சொல்லிட்டேன். விடும்மா," என்றார் முதலாளி.

டீச்சர் கம்ப்யூட்டரை மூடப்போனார். கம்சலா தடுத்தாள்.

"மூடாதீங்க டீச்சர். இன்னும் ஒரு எடத்துக்குத் திரும்பிப் போகணும். ஐயா, களவுன்னு மேடைகிட்ட நின்னுதானே கத்துனீங்க? அங்கயே போய் நின்னு இல்லைன்னு சொல்லுங்க."

மண்டபமே அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் போனார். "களவில்ல," என்று முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க," என்றாள் கம்சலா.