அக்கா மூடும் குழாய்

செத்துப்போனவள் மேல் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை. பொறாமைப்பட எனக்கு நேரம் கொடுத்தால்தானே. இரண்டாம் தாரமாக நான் இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே எங்கள் இருவருக்கும் சண்டை மூண்டுவிட்டது, அதுவும் ஒரு நீல வாளியை வைத்து.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே அந்த வாளி இருந்தது. கழிவுக் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நேராக அதில் விழும்படி செய்து வைத்திருந்தாள் என் கணவரின் முதல் மனைவி. காய் கழுவிய தண்ணீர் பால்கனிச் செடிகளுக்கு. துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க, துடைத்தது கழிப்பறைக்கு. மனுஷனுக்கு ஒரு பிறவி போதாதென்று தண்ணீருக்கும் இரண்டு மூன்று பிறவி கொடுத்திருந்தாள். காலி ஜாடிகள் கவிழ்த்த நிலையில் அலமாரி நிறைய நின்றன. பழைய சட்டை தலையணை உறையாகி, உறை கைப்பிடித் துணியாகி, அதுவும் நைந்த பிறகு துடைக்கும் துணியாகத் தொங்கியது. காய்த்தோலெல்லாம் பால்கனியில் ஒரு மண்பானைக்குள் மக்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கு விஷயத்தைக் கேளுங்கள். சாயங்காலம் ஜன்னல் பக்கம் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பாளாம். ரேகை தெரிகிறவரை விளக்குப் போடக் கூடாதாம். என் கணவர் இதைச் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவளை நான் சிக்கனம்னுதான் கூப்பிடுவேன்," என்றார்.

"அப்ப நான்?"

கொஞ்சம் யோசித்தார். நான் பாத்திரம் தேய்க்கிற அழகைப் பார்த்தார். குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "நீ ஊதாரி," என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் முதல் சிரிப்பு வந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு ராத்திரி படுத்த விரிப்பை மூன்று தண்ணீரில் அலசுகிற இடம் அது. அங்கே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு என் வலது மணிக்கட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கிறது. என் முதல் புருஷன் அந்தத் தழும்பு எப்படி வந்ததென்று கடைசிவரை கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். இவரோ பெண் பார்க்க வந்த அன்றே கேட்டார். அதனால்தான் சரி என்றேன். இந்த வீட்டிலாவது நான் இருப்பது ஒரு ஆளுக்குத் தெரிய வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஊதாரி என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் கழுத்தில் நகை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவர் கூப்பிடட்டும் என்றே குழாயை இன்னும் கொஞ்சம் திருகுவேன்.

பிறகுதான் அது தொடங்கியது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாசலில் யாரென்று பார்த்துத் திரும்பினால் குழாய் மூடியிருக்கும். படுக்கையறையில் நான் போட்ட விளக்கு அணைந்திருக்கும். குப்பைக்கூடையில் எறிந்த காய்த்தோல் பானைக்குள் கிடக்கும். என் மறதி என்று முதலில் நினைத்தேன். அப்புறம் இவர்தான் எனக்குத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து செய்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஊறுகாய் ஜாடி ஒன்றைக் காலி செய்து, எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே கூடையில் போட்டேன். இருக்கிற இரண்டு சாவியில் அவருடையதை அவர் கிளம்புமுன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். கதவைப் பூட்டி, இரண்டையும் என் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாலையில் வந்து திறந்தேன். ஜாடி தொட்டியின் ஓரத்தில் கவிழ்ந்து நின்றது. கழுவி, துடைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. அவர் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு கம்பியோ திருகாணியோ காரணமாக இருக்கும் என்று நம்புகிறவர்.

"எலியா இருக்கும்," என்றார்.

"எலி ஜாடியைக் கழுவி, துடைச்சு, கவிழ்த்து வைக்குமா? அப்படி ஒரு எலி இருந்தா சொல்லுங்க, எங்க கூடத்துல வேலைக்குச் சேர்த்து விடுறேன்."

ஜாடியை இரண்டு கையாலும் எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார். அந்த முகத்தில் பயம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அதில் இருந்தது சந்தோஷம்.

அதற்குப் பிறகு சீக்கிரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எனக்காக என்று நான் ஏமாறவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்து வைத்திருப்பார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பமாட்டார். காது மட்டும் குழாயிடம் இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் அவர் வெளியே போயிருந்தபோது நான் தொட்டி முன்னால் நின்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"இதோ பாருங்க அக்கா. காய்ச்சல்ல போய்ச் சேர்ந்தீங்க, பாவம்தான். ஆனா போனவங்க போகணும். இப்படி வந்து பாத்திரத்தை உருட்டிக்கிட்டிருந்தா நான் எங்க போறது? எனக்கும் வேற போக்கிடம் இல்ல."

குழாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது திருகு இறுகுகிற சத்தம் மெல்லக் கேட்டது, அந்தச் சொட்டு உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அவளைத் துரத்த முடியாது. ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொள்ளலாம். மிச்சம் வைத்தால்தானே வருவாள்? மிச்சமே இல்லாவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவாள்? அவள் மூடுவதற்கு முன் நான் குழாயை மூடினேன். வாளி நிறைவதற்கு முன் செடிக்கு ஊற்றினேன். கடைக்குத் துணிப்பை எடுத்துப் போனேன். தோலைப் பானையில் போட்டு மேலே மண் தூவிக் கிளறினேன். அவருடைய பழைய சட்டையைக் கத்தரித்து, பொத்தான்களை ஒரு ஜாடியில் சேர்த்தேன். சலவைக்கூடத்தில்கூட வீணாகப் போகிற தண்ணீரைப் பார்த்தால் கை பரபரத்தது. கூட வேலை செய்கிறவள், "உனக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். வீட்டில் ஒருத்தியோடு போட்டி நடக்கிறது என்றேன்.

நான்தான் ஜெயித்தேன். முதலில் விளக்கு அணைவது நின்றது. அப்புறம் ஜாடிகள் நகர்வது நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க எதுவும் நடக்கவில்லை. வீடு என் வீடாக இருந்தது. அவரும் ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டார், முகம் மறுபடியும் தெளிந்தது, சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும், இதற்குத்தானே இவ்வளவு பாடு என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நாளாக அவர் என்னை ஊதாரி என்று கூப்பிடவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

நேற்று சாயங்காலம் பால்கனியில் குந்தி உட்கார்ந்து பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அறை மங்கலாக இருந்தது.

"சிக்கனம், லைட்டைப் போடவா?"

நான் மண் ஒட்டிய உள்ளங்கையை வெளிச்சத்தின் பக்கம் நீட்டிப் பார்த்தேன். "வேண்டாங்க, ரேகை தெரியுதே," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவருக்கு வாய் தவறிப்போகவில்லை. திடுக்கிடவும் இல்லை. வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பது போல நிறைவாகச் சிரித்தபடி நின்றார்.

நான் எழுந்து, அவரைத் தாண்டி, சமையலறைக்கு ஓடினேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் கொட்டியது. வாளி நிரம்பி, தரையில் வழிந்து, என் பாதத்தை நனைத்தது. "வாங்க அக்கா," என்றேன். "வந்து மூடுங்க. தயவுசெஞ்சு வந்து மூடுங்க." என் அழுகை எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கை மெதுவாக நீண்டு குழாயை இறுக்கி மூடியது. அதன் மணிக்கட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது.