எழுத்துக்கு அறுபது

கல்லில் பெயர் வெட்ட எழுத்துக்கு அறுபது என்றார் அந்தத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். அந்த ஊர்ப் பணத்தில் அறுபது. இரும்புக்கடைக்காரர் மனசுக்குள் அதை நம் பணத்துக்கு மாற்றி, ஒன்பதால் பெருக்கி, விடையையும் பார்த்துவிட்டார். நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மொத்தமா எடுத்தா என்ன போடுவாருன்னு கேளுங்க."

கைடு அம்மா கேட்கவில்லை. எட்டு நாள் சுற்றுலாவில் அது ஐந்தாவது நாள். இவருக்காகக் குடைக்காரனிடமும் படம் விற்கிறவளிடமும் பேரம் பேசிக் களைத்திருந்தாள். கழிப்பறை வாசலில் காசு வாங்குகிறவரிடம்கூட ஒருமுறை, "ரெண்டு பேருக்குச் சேர்த்து" என்று கேட்க வைத்துவிட்டார். பஸ்ஸில் எல்லோரும் அவரை டிஸ்கவுண்ட் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் லேசான பெருமை.

"சார், இது பேர் சார்," என்றாள்.

"தெரியும்மா. என் பையன் பேருதான். கேளுங்க."

அவள் அவரையே பார்த்தாள். அந்தச் சுவரில் யார் பெயரை வெட்டுவார்கள் என்று பத்து நிமிடம் முன்புதான் அவளே எல்லோருக்கும் விளக்கிச் சொல்லியிருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். முந்நூறு வருடத்துப் பெயர்கள், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல்வரை.

பையன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வேலைக்கு வரவில்லை. அறையில் இல்லை, கப்பலிலேயே இல்லை. இரண்டு நாள் கடலைத் தேடிவிட்டுக் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. அதில் 'காணவில்லை' என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துத் துறைமுகம் என்று இந்த ஊரின் பெயர் இருந்தது. கடிதத்தைக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மனைவியிடம், தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அவள் அழுது தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுச் செலவுப் பணத்தில் மாதாமாதம் பையன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கு மட்டும் அவர் கணக்குக் கேட்டதில்லை. இருப்பிலும் இல்லாத, விற்றதிலும் சேராத ஒரு சரக்கை எந்த நோட்டில் எழுதுவது? அந்தக் குழப்பம் அவரை நாலு வருடமாகத் தூங்கவிடவில்லை. பழைய தேவாலயங்கள், கடலோர ஊர்கள், கண்கொள்ளாக் கடற்காட்சி என்று வந்த சுற்றுலா நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தில் இந்தத் துறைமுகத்தின் பெயரைப் பார்த்தபோது, பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. எல்லோரும் போகிறார்கள், நாமும் போய்வருவோம் என்றார். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே பத்துத் தடவை கெஞ்ச வைக்கிறவள், மறுபேச்சில்லாமல் துணி எடுத்து வைத்தாள். கடல் பக்கத்து ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். அவ்வளவுதான்.

நாலு நாளும் அப்படியே போயிற்று. மற்றவர்கள் கழுத்து வலிக்க மேற்கூரைச் சித்திரங்களைப் பார்க்கும்போது அவள் வாசலோரம் நின்றாள். பஸ் மலைப்பாதையில் திரும்பிக் கடல் மறைந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதும் வெளியே, தூறலில், அலைதடுப்புச் சுவரோரம் மற்றவர்களோடு நிற்கிறாள். அவளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பெயர் வெட்டி முடிந்த பிறகு, ஊருக்குப் போய், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கைடு அம்மா ஒருவழியாகக் கேட்டாள். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தச் சுவத்துக்கு யாரும் குறைச்சுக் கேட்டதே இல்லையாம் சார். ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, அதனால அம்பதுங்கறாரு."

விலை குறைந்ததைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வராதது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். வேண்டாம், அறுபதே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அதுவும் பேரம் மாதிரியே படும் என்று தோன்றியது. ஒன்பது எழுத்துக்கும் எண்ணிக் கொடுத்தார். கிழவர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். வெட்டுவதும் அவரேதான். ஒரு எழுத்துக்கு இருபது நிமிடம். பஸ் கிளம்ப இன்னும் அரைமணிதான் இருந்தது. கண் முன்னால் ஒன்றை வெட்டிவிட்டு, மீதியை அப்புறம் முடித்துப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார். கைடு அம்மா மற்றவர்களைப் பார்க்க வெளியே போனாள்.

உளி நல்ல உளி. அதை மட்டும் அவரால் கவனிக்க முடிந்தது. கதவுக் கீல்களை உப்புக்காற்று தின்றிருந்தது. கூரையிலிருந்து சின்னச் சின்ன மரக் கப்பல்கள் கயிற்றில் தொங்கின. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். சொட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவே மாறி மாறிக் காது போயிற்று. ஒரு நேர்கோடு, அதன் தோளில் ஒரு வளைவு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் பையன் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கி வைத்த அதே இங்கிலீஷ் எழுத்து. அதற்கு அன்று அடி விழுந்தது.

கடல் பக்கத்துக் கதவு திறந்தது. மனைவி வந்தாள், கையில் கைடு அம்மா பெயர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம். பின்னாலேயே கைடு அம்மா, முகம் வெளிறி. மனைவி இவரைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்த ஜன்னலில் வரிசையாகக் கண்ணாடி விளக்குகள் எரிந்தன, பதினொன்று. ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டு வந்து, காகிதத்தையும் மடித்த பணத்தையும் கிழவரிடம் நீட்டினாள். கிழவர் காகிதத்தைப் படித்தார். இவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், அதே பெயர். உளியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். கைடு அம்மா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள் மனைவி.

"சுவரு, இனிமே வராதவங்களுக்காம். ஜன்னல் விளக்கு, சேதி தெரியாதவங்களுக்கு. வருஷத்துக்கு வருஷம் கட்டணும். ஒரே பேர் ரெண்டு இடத்துலயும் இருக்கக் கூடாதாம்."

மனைவி சுவர் அருகே போனாள். புது எழுத்தில் விரலை வைத்து இழுத்தாள். விரல் நுனி வெள்ளையாயிற்று.

"விலை கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"குறைச்சாரா?"

"பத்து."

"அவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரி பில்லுலயும் குறைச்சீங்க."

அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. பெஞ்சு ஈரமாக இருந்தது, உட்கார்ந்தார்.

"இந்த ஊருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டிச் சாவி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? லெட்டர் வந்த வாரமே படிச்சுட்டேன்."

"படிச்சுட்டுமா மாசாமாசம் பணம் கட்டினே?"

"கூப்பிட்டா, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு ஒருத்தி சொல்லுவா. கட்டலைன்னா, இப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லிடுவா. அதை என்னால கேக்க முடியாதுங்க."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய எழுத்தை ஒட்ட வைக்க முடியாது என்பது எந்த மொழியிலும் விளங்கும். மனைவிதான் பேசினாள். ஒற்றை எழுத்தைப் பார்த்து அது யார் பெயர் என்று யாரும் சொல்ல முடியாது. அது பாட்டுக்கு இருக்கட்டும், விளக்கை ஏற்றச் சொல்லுங்கள் என்றாள். கைடு அம்மா அதைச் சொன்னதும் கிழவர் தலையாட்டினார். பிறகு உளியைத் துடைத்துச் சாக்குத் துணியில் சுருட்டினார். பன்னிரண்டாவது விளக்கை ஏற்றி, ஜன்னலில் மற்றவற்றைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணினார். திரும்பி வந்து எட்டு எழுத்துக்கான பணத்தை எண்ணிப் பெஞ்சின் மேல் வைத்தார்.

இரும்புக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். காய்க்காரனிடம் சில்லறை பாக்கி இருந்தால் தெருமுனைவரை துரத்திப் போய் வாங்குகிறவள். பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் பணத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எடுக்கச் சொல்லவில்லை.

அவர் பணத்தைக் கிழவர் பக்கமே தள்ளி வைத்தார். கிழவர் சீட்டை வாங்கி அதன் கீழே ஏதோ எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் கைடு அம்மா தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. கண்ணாடியில் தூறல் வழிய, தேவாலயம் பின்னால் போயிற்று. ஜன்னல் விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சளாய் ஒரு தீற்றலானதுவரை மனைவி திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவர் சீட்டை எடுத்துக் கைடு அம்மாவிடம் நீட்டினார், என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.

அவள் குரலைத் தாழ்த்திப் படித்தாள்.

"எழுத்து ஒன்பது. வெட்டினது ஒண்ணு. பாக்கி எட்டு, பணம் வந்தாச்சு. விளக்கு ஒண்ணு, இன்னைலேருந்து ஒரு வருஷம்."

கணக்கை முடித்தால் அடியில் ஒரு கோடு இழுப்பது வழக்கம். அவர் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிழவர் கோடு போடவில்லை.