கண்ணாடிக்காரன் கையில் குழந்தை

கண்ணாடிக் கடையில் எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். ஆள் உயரக் கண்ணாடியை மூன்றாம் மாடிக்குப் படியேறிக் கொண்டுபோவேன், ஒரு கீறல் விழாது. அப்பேர்ப்பட்ட நான், பெற்ற மகளைத் தூக்கச் சொன்னால் பாத்ரூமுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன்.

பிறந்து ஏழு வாரம் ஆகியும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அவளைப் பார்த்தாலே, என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுவதுபோல் தோன்றும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். சோறு இறங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. மனைவி கேட்டபோதெல்லாம், "கடையில வேலை ஜாஸ்தி" என்று ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம், குழந்தை வீறிட்டது. எனக்கு மூளை ஓடவில்லை, தொழில் புத்திதான் ஓடியது. தொட்டிலைச் சுற்றி மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் பரப்பினேன். கண்ணாடி தூக்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

ஈரத்தலையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? புள்ளைய ஜன்னல்ல மாட்டப் போறீங்களா?"

சிரித்தாள். நான் குழந்தையைவிடச் சத்தமாக அழுதேன்.

"கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. நான்லாம் அப்பனா இருக்கவே லாயக்கில்ல."

அவள் சிரிப்பு நின்றது. "எங்க ரெண்டு பேரையும் உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சு நான் செத்துட்டு இருக்கேன். இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப்போனாள். "குழந்தை பிறந்தப்புறம் வர்ற மனச்சோர்வு இது. அப்பாக்களுக்கும் வரும். சரியாகிடும்" என்றார் அவர். வாராவாரம் போய்ப் பேசினேன், மாத்திரையும் சாப்பிட்டேன். முதலில் மனைவி பக்கத்தில் இருக்க, உட்கார்ந்தபடி மகளை மடியில் வாங்கினேன். பிறகு நின்றபடி. நடுவில் இரண்டு நாள் பயந்து திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை மனைவி வெளியே போனாள். இரண்டு மணி நேரம் நானும் மகளும் மட்டும். அழுதாள், தூக்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துணி மாற்றினேன், புட்டியில் பால் கொடுத்தேன், எந்த ராகத்திலும் சேராத பாட்டொன்று பாடினேன். அந்தக் கொடுமையைத் தாங்காமலோ என்னவோ, தூங்கிப்போனாள்.

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கையை நீட்டினாள். "குடுங்க, குடுங்க."

"அதெல்லாம் தர முடியாது. எம்பொண்ணு இப்பத்தான் என் தோள்ல தூங்கியிருக்கா. நீ போய்க் கால நீட்டிப் படு."