குழை தாட்ட மண்

உரும்பிராய்ச் செம்மண்ணில் சொந்தக் காணியில்லாமல் வெங்காயம் வைக்கிற சனம், உதயகலாவின் சனம். காணியெல்லாம் மேல்சாதிக்காரருடையது. அவர்கள் கனடாவில். குத்தகை வாய்ப்பேச்சுத்தான், அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த போகம் இல்லை. அந்தச் சனத்தின் வாக்கில்தான் அவள் பிரதேச சபைக்கு உறுப்பினராய்ப் போனாள்.

சபையில் அவள் கேட்டது பெரிதொன்றுமில்லை. மழைக்கு முன் பூவரசங்குழையும் மாட்டெருவும் மண்ணுக்குள் தாட்டவனை, அந்தப் பசளையின் பலனை எடுக்கமுன்னம் காணியைவிட்டு எழுப்பக்கூடாது என்றாள். யாரோ கைபேசியில் பிடித்து முகநூலில் போட்டார்கள். "தாட்டவனுக்கு உரித்து இருக்கு" என்ற துண்டு மட்டும் கனடாவுக்குப் போனது. காணி பறிபோகிறதென்று அங்கே பயந்தார்கள்.

வெளிநாட்டுக்காரரின் காணிகளைப் பார்க்கிற பொன்னம்பலம் படலைகளுக்குப் பூட்டுப் போட்டார். குழை தாட்ட நிலம் உள்ளே மழையில் ஊறிக்கிடந்தது. விதை வெங்காயம் வீடுகளில் முளைவிடத் தொடங்கியது.

சனம் உதயகலாவின் முற்றத்துக்கு வந்தது. வழக்குப் போடலாம் என்றாள் அவள். வழக்கு முடிய வெங்காயம் அழுகிவிடும் என்றார்கள். புருஷனில்லாமல் மூன்று பிள்ளைகளோடு தோட்டம் செய்கிற தயாளினிதான் கடைசியில் கேட்டாள்.

"அக்கா, எங்களுக்காகத்தானே கதைச்சனீங்கள். எங்களுக்காகவே அது பிழையெண்டு சொல்லுங்கோ."

உதயகலாவின் அண்ணன் ஜெயரூபன் மட்டும் சொல்லவேண்டாம் என்றான். அவன் குத்தகைக்குச் செய்கிற துண்டுக் காணியும் பூட்டுக்குள்தான் கிடந்தது. குழை வெட்டப்போய்க் கிழித்த முழங்கை இன்னும் ஆறவில்லை.

அவள் சபையில் எழுந்து, தன் பேச்சுத் தவறு, திருப்பி எடுக்கிறேன் என்றாள். சத்தம் கேட்கவில்லை, மைக்கைக் கிட்டப் பிடிக்கச் சொன்னார் பின்வரிசையில் ஒருவர். சிரித்தார்கள். கிட்டப் பிடித்து இன்னொருதரம் சொன்னாள்.

பூட்டுகள் திறந்தன. ஜெயரூபனின் படலையும் திறந்தது, தயாளினிக்கு. அவளுடைய துண்டோடு அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார் பொன்னம்பலம். வேண்டாமென்றால் தன்னுடையதும் போய்விடும் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

உதயகலா பொன்னம்பலத்திடம் ஓடினாள்.

"நான் என்ன செய்ய, பிள்ளை? உவளின்ரை வீட்டாக்களுக்கு மட்டும் குடுக்கவேண்டாமெண்டு கனடாவிலை சொல்லிட்டினம்."

"நான் வாபஸ் வாங்கிட்டன்தானே."

"வாங்கினபடியால்தான் மற்றவைக்காவது கிடைச்சது."

அண்ணனிடம் அவள் என்னவோ சொல்லத் தொடங்கினாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து வெளியே போய்விட்டான்.

தை பிறக்க நடுகை தொடங்கியது. கூலிக்கு ஆள் கூப்பிட்ட தயாளினி ஜெயரூபனையும் கூப்பிட்டாள், முகத்தைப் பார்க்காமல். அவன் போனான். தான் தாட்ட குழை கறுப்பாய் மக்கிக்கிடந்த மண்ணைக் கொத்தி, அவளுக்குப் பாத்தி கட்டினான்.

ஒவ்வொரு நடுகைக்கும் வருகிறமாதிரி உதயகலா சட்டைத் தொங்கலைச் செருகிக்கொண்டு படலையடிக்கு வந்தாள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ஜெயரூபன் மண்வெட்டியோடு வந்து படலையைப் பிடித்தான்.

"உள்ளுக்கு வராதை. ஆரும் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினா தயாளினிக்கும் காணி போயிடும்."

"அண்ணை, நான் சும்மா நாலு பாத்தி..."

"வீட்டை போ."

படலையைச் சாத்திக் கம்பியால் சுற்றிக் கட்டினான். விட்ட இடத்திலிருந்து கொத்தத் தொடங்கினான்.