உடனே வாங்கு

பழைய சாமான் கடையில் எனக்கு வேலை, இணைய ஏலங்களில் மலிவாகப் பொருள் பிடிப்பது. பதினொரு வருடமாக இதே பிழைப்பு. இதில் என்னிடம் ஒரு வித்தை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கிறுக்குத்தனம் யாருக்கும் புரியாது.

விற்கிறவர் தன் பொருளுக்கு ஏழு நாள் ஏலம் வைப்பார். கூடவே, காத்திருக்க முடியாதவர்களுக்காக ஒரு முழு விலையும் போட்டு, பக்கத்தில் 'உடனே வாங்கு' என்று பச்சைப் பட்டன் ஒன்றும் வைக்கலாம். அழுத்தினால் பொருள் உங்களுடையது, பேச்சு முடிந்தது. ஆனால் யாராவது ஒருவர் ஏலத்தில் முதல் விலை கேட்டுவிட்டால் அந்தப் பட்டன் மறைந்துவிடும். நல்ல பொருள் கண்ணில் பட்டதும் நான் அடிமட்ட விலைக்குக் கேட்டு, பட்டனைக் காலி செய்துவிடுவேன். அவசரக்காரர் யாரும் கொத்திக்கொண்டு போக முடியாது. ஏழாம் நாள் கடைசிப் பத்து வினாடியில் புகுந்து பாதி விலைக்குத் தூக்கிவிடுவேன். ஏலத் தளத்தில் என் பெயர் 'பொறுமைசாலி'. வைத்தவள் என் மனைவி. பாராட்டி வைக்கவில்லை.

அவள் என்னை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. நாங்கள் அடித்துக்கொள்ளவில்லை, கோர்ட் படி ஏறவில்லை. எதைக் கேட்டாலும் நான் "பார்க்கலாம்" என்பேன். வீடு மாறலாமா, பார்க்கலாம். பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா, பார்க்கலாம். "ஒரே ஒரு தடவை உடனே சரின்னு சொல்லுங்களேன், காது குளிரக் கேட்டுக்கறேன்" என்றாள். அதையும் சிரித்து மழுப்பினேன். ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வட்டமேசையையும் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மேசை எதுக்கு? நீங்கதான் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடறவராச்சே."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையில் உட்கார்ந்து மேசைகளாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மடக்கும் வட்டமேசை. விளிம்பில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. சுட்டவன் நான். கீழே எழுதியிருந்தாள்: 'வேலைக்காக வெளியூர் போகக்கூடும், அதனால் விற்கிறேன். ஒரு கால் கொஞ்சம் ஆடும், அட்டை மடித்து வைத்தால் நிற்கும். இரண்டு பேர் சாப்பிடச் சரியாக இருக்கும். அனுப்பிவைக்க முடியாது, வாங்குகிறவர் நேரில் வர வேண்டும்.' அதற்கும் கீழே பச்சைப் பட்டன். பக்கத்தில் இருந்தது, கல்யாணமான மாதம் நாங்கள் அதைப் புத்தம் புதிதாக வாங்கிய அதே விலை. தழும்பு விழுந்த மேசைக்கு அந்த விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

மேசையா வேண்டும் எனக்கு? அவள் எதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவள் வேலை செய்வது பல்செட் செய்கிற கூடத்தில். யார் பல் யார் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது என்று அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்புக்கு ஏங்கிக் கிடக்கிறேன். அவள் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்காதா என்று தவித்தவனுக்கு, இதோ, காரணமே நாலு கால் முளைத்து வந்து நிற்கிறது.

நான் யோசித்து முடிப்பதற்குள் கை தன் தொழிலைச் செய்துவிட்டது. அடிமட்ட விலைக்குக் கேட்டுவிட்டேன். பட்டன் மறைந்தது.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார் கடை முதலாளியம்மா. சொன்னேன்.

"அட மடையா! கேட்டதை வாபஸ் வாங்கேன்."

"வாங்கினாலும் அந்தப் பட்டன் திரும்பி வராதும்மா."

"அப்போ மேசையை விடு. இப்பவே போய்க் கதவைத் தட்டு."

"சும்மா எப்படிம்மா போறது? ஜெயிச்சிட்டுக் காரணத்தோட போறேன். ஏழு நாள்தானே."

"நீ கல்யாணம் பண்ணினது அந்தப் பொண்ணையா, காலண்டரையா?"

பழியைக் கையின் தலையில் போட்டேன். உண்மையில் எனக்குப் பயம். கதவைத் திறந்து, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? தளத்தில் விற்கிறவருக்குச் செய்தி அனுப்ப இடம் உண்டு. 'எப்படி இருக்கே?' என்று எழுதுவேன், அழிப்பேன். ஆறு நாளும் இதே கூத்துதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏலம் முடிந்தது. என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. அடிமட்ட விலைக்கே மேசை என்னுடையதாயிற்று. முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, அவள் போட்டிருந்த முழு விலையையும் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

மேசையை மடித்து, கயிறு கட்டி, கதவுப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே அட்டைப்பெட்டிகள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"கிளம்பறது முடிவாயிடுச்சா?"

"நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு சொல்லியிருந்தாங்க."

"கேட்டது நான்தான்னு தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். பொறுமைசாலி, அடிமட்ட விலை." சிரித்தாள். நான் ஏங்கிய சிரிப்பு அது இல்லை. "அந்தப் பட்டனை உங்களுக்காகத்தான் வெச்சேன். அந்த விலைக்கு வேற எந்தப் பைத்தியமும் அமுக்காதுன்னு தெரியும். நீங்க அமுக்கினா அன்னிக்கே வருவீங்க, வந்தா அந்த வேலையே வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க ஏலம் கேட்டீங்க. சரி, கேட்டாலும் ஒரு எட்டு வந்து நிப்பார்னு நினைச்சு, ஆறு நாளும் வேலை விட்டதும் நேரா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்."

பையிலிருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினேன். "இந்தா, நீ போட்ட விலையே. சரி. எல்லாத்துக்கும் சரி. வீடு, பிள்ளை, நீ எந்த ஊருக்குப் போனாலும், எல்லாத்துக்கும் சரி."

அவள் கண் கலங்கிவிட்டது. ஏலத்தில் முடிந்த விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கினாள். அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை. அவள்தான் விடுவித்துக்கொண்டாள்.

மேசையை முதுகில் ஏற்றிக்கொண்டேன். படியில் கால் வைத்தவன் திரும்பினேன்.

"அங்க வந்து உன்னோட ஒரு வேளை சாப்பிடட்டுமா?"

கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"பார்க்கலாம்" என்றாள்.