பட்டன் என்றொரு தோழி

அம்மாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சின்னுவுக்குச் சொன்னது அப்பாதான். "உங்கம்மாவுக்கு சீட் கிடைச்சிடுச்சு" என்று அவர் போனில் சொன்னபோது, ஏதோ பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததைச் சொல்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அப்பா அப்படித்தான். தலைபோகிற விஷயத்தையும் தபால்காரர் வந்துவிட்டுப் போனதைப் போலச் சொல்வார்.

அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், மறு வருஷம் சின்னு. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் ரோட்டில்தான். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். 'பிரேக் அக்கா' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. இப்போது சனி, ஞாயிறு வகுப்பில் உளவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். அதுவும் சின்னு ஹாஸ்டலில் தங்கிப் படித்த அதே கல்லூரியில்.

"உளவியலா? ஏம்மா?" என்று சின்னு கேட்டதற்கு அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது.

"கிளட்சை விடத் தெரியாம என் பக்கத்துல உட்கார்ந்து எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? ஆம்பளைங்களும்தான். ஒரு கிளட்சுக்காக யாராவது அழுவாங்களா? வேற எதுக்கோதான் அழறாங்க. அது என்னன்னு படிச்சுப் பார்த்துடலாம்னுதான்."

முதல் வகுப்பன்று அம்மாவோடு தானும் போவது என்று சின்னு முடிவு செய்தாள். நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிளம்பினார்கள். அம்மா ஓட்டினாள். பயிற்சி கொடுப்பவர் உட்காரும் இடத்தில் சின்னு. அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"அது மேல காலை வைக்காதே. வளர்ந்த பொண்ணு மாதிரி சும்மா உட்காரு."

"நான் வைக்கலைம்மா."

"வைப்பே. லாரி வந்தா எல்லாரும் வைப்பாங்க."

அம்மா புதுச் செருப்பு போட்டிருந்தாள். புதுப் பை மடியில் இருந்தால் ஓட்ட முடியாது என்று அதைச் சின்னுவின் மடியில் வைத்திருந்தாள். பைக்குள் எழுதாத நோட்டுகளின் வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சின்னு பையின் வாயை இழுத்து மூடினாள். இதே சாலையில், இப்படி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து போன பதினெட்டு வயதுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். டிக்கியில் ஒரு மெத்தை, ஒரு வாளி. வாளிக்குள் அப்பா வைத்த பூட்டும் சாவியும் வழியெல்லாம் கலகலவென்று ஆடிக்கொண்டே வந்தன.

ஊரைத் தாண்டியதும் அம்மா கேட்டாள். "நீ அங்கே மூணு வருஷம் குப்பை கொட்டினவ. ஏதாவது சொல்லேன். என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?"

சின்னு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முதல் பெஞ்சில் உட்காராதே, கேள்வி எல்லாம் உன் தலையில்தான் விழும். கான்டீனில் பதினொரு மணி டீயைக் குடிக்காதே, காலையில் போட்ட அதே டீதான். மாடியில் மூலை வகுப்பறை கிடைத்தால் ஜன்னல் பக்கம் இடம் பிடி. சொல்லச் சொல்ல அவளை அறியாமலே பேச்சு இறங்கிக்கொண்டு போனது.

"முதல் நாளே எல்லாரும் எல்லாரோடயும் சிநேகமா இருக்கிற மாதிரி தெரியும்மா. அதை நம்பிடாதே. பாதிப் பேர் வழி தெரியாம ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போறவங்கதான். யாரும் சாப்பிடக் கூப்பிடலைன்னா டப்பாவை எடுத்துக்கிட்டு லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கிற படிக்கட்டுக்குப் போயிடாதே. ஒரு நாள் போனா போதும். அப்புறம் கால் தானா அங்கேயே போகும்."

அம்மா கியரை மாற்றினாள். "நீ எப்போ அங்கே போய்ச் சாப்பிட்டே? உனக்குத்தான் போன உடனே பட்டன் கிடைச்சுட்டாளே?"

சின்னு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பத்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த குட்டு அது.

ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு அம்மாவும் அப்பாவும் திரும்பிப் போன மறுநாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "சிநேகிதி யாராவது கிடைச்சாளாடி?" அன்று முழுக்கச் சின்னு யாரிடமும் பேசவில்லை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டபோது சொன்ன 'உள்ளேன்' ஒன்றுதான் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. அதைச் சொன்னால் அம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பாள் என்று தெரியும். "கிடைச்சிருக்காம்மா" என்றாள். "பேரென்ன?" என்று அம்மா விடாமல் கேட்டாள். கைக்கு எட்டிய இடத்தில் தலையணை உறை கிடந்தது. அதில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. "பட்டன்னு கூப்பிடுவாங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

ஒரு பொய் தனியாக வாழாது. அடுத்தடுத்த போன்களில் பட்டனுக்கு மூன்று அண்ணன்கள் வந்தார்கள். பூனை என்றால் பயம் வந்தது. தூக்கத்தில் பேசும் பழக்கம் வந்தது. அம்மா எதையும் மறக்கவில்லை. "பட்டன் சாப்பிட்டாளா? அவ அண்ணன் வேலைக்குப் போயிட்டானா?" மாதா மாதம் அனுப்புகிற பார்சலில் வெண்ணெய் பிஸ்கட் இரண்டு பொட்டலமாக வந்தது. குளிர்காலத்தில் இரண்டு ஸ்வெட்டர் வந்தது. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். "மஞ்சள் பட்டனுக்கு. அவ சிவப்பா கறுப்பான்னு நீ சொல்லவே இல்ல, மஞ்சள் யாருக்கும் நல்லாத்தான் இருக்கும்." இரண்டு பொட்டல பிஸ்கட்டையும் சின்னு அந்தப் பின்படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தாள். ஸ்வெட்டரை என்ன செய்வது?

அப்போதுதான் அம்மா, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நான் வரேன். பட்டனை எங்கேயும் போகாம இருக்கச் சொல்லு" என்றாள்.

அன்று சின்னுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தாள். கடைசியில், மானம் போனால் போகட்டும் என்று பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். அந்த அறைப் பெண்ணோடு அதுவரை, தண்ணீர் வருகிறதா, வரவில்லையா என்பதைத் தாண்டி அவள் பேசியதில்லை. உயரமான பெண், முழங்கால்வரை தொங்கும் பழைய சட்டை, காதில் எப்போதும் பாட்டு.

"எனக்கு ஒரு உதவி வேணும். நாளைக்கு ஒரு நாள் நீ பட்டனா இருக்கணும்."

அந்தப் பெண் காதில் இருந்ததைக் கழற்றினாள். "என்னவா இருக்கணும்?"

சின்னு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் அழவிட்டாள். பிறகு கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "சரி, என்னைப் பத்தி என்னெல்லாம் சொல்லி வச்சிருக்கே? முதல்ல இருந்து சொல்லு" என்றாள். பரீட்சைக்குப் படிப்பதைப் போல இருவரும் படித்தார்கள். பெரிய அண்ணன் என்ன வேலை, சின்ன அண்ணன் ஏன் கோபக்காரன். "பூனைன்னா பயமா? அடிப்பாவி, அது ஒண்ணை மட்டும் மாத்த முடியாதா?" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். ஹாஸ்டலைச் சுற்றித் திரிந்த சாம்பல் பூனைக்குத் தினமும் பால் வைப்பவளே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். மஞ்சள் ஸ்வெட்டரில் 'பட்டன்' வந்து நின்றாள். அவள் உயரத்துக்கு ஸ்வெட்டர் கை கொஞ்சம் குட்டை. "நீ இவ்வளவு உயரமா!" என்று அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். அண்ணன்கள் மூவரும் நலமாக இருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகச் சாம்பல் பூனை குதித்து வந்து, வழக்கம்போல் அந்தப் பெண்ணின் காலில் உரசி, பால் கேட்டது. ஒரு நொடி அவள் சின்னுவைப் பார்த்தாள். பிறகு வீல் என்று ஒரு அலறல். ஒரே தாவலில் கட்டில் மேல் ஏறி நின்றாள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பூனையை வராந்தாவின் கோடிவரை துரத்தினாள். பாவம், அந்தப் பூனை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியது.

அம்மா கிளம்பிப் போனதும் இருவரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். வயிறு வலித்து, கண்ணில் நீர் வந்து, மூச்சு முட்டும்வரை சிரித்தார்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் பாலோடு பூனையிடம் மன்னிப்புக் கேட்க இருவரும் சேர்ந்து இறங்கிப் போனார்கள். அதற்கப்புறம் எங்கே போனாலும் சேர்ந்துதான். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்து கல்லூரி முழுக்க அவளைப் பட்டன் என்றே கூப்பிட்டது.

இதையெல்லாம் சின்னு காரில் சொல்லி முடித்தபோது வண்டி சாலையோரம் நின்றிருந்தது. எந்த இடத்தில் அம்மா ஓரம் கட்டினாள் என்று அவள் கவனிக்கவில்லை.

"அப்போ அவளுக்கு மூணு அண்ணன் கிடையாதா?"

"ஒரே பொண்ணும்மா அவ."

"பூனை?"

"இப்போ வீட்டுல நாலு வச்சிருக்கா."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிச் சிரித்தாள். "லீவுக்கு நம்ம வீட்டுக்கு வந்தப்போ என்கிட்டதானடி அவ வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா. வழியில பூனை குறுக்க வந்தப்பெல்லாம், பயப்படாதேன்னு நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேனே!" சிரித்துக்கொண்டே இருந்தவள் மெல்ல அடங்கினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை அங்கேயே நின்றது.

"அந்த ரெண்டு பொட்டலத்தையும் நீயே தனியா உட்கார்ந்து தின்னியா?"

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா நீ என்ன செய்திருப்பே?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்ல வராதவள். "மெத்தையைத் தூக்கி டிக்கியில போட்டிருப்பேன்."

"அதான்."

சின்னுவுக்கும் அதுதான் புரியாத கணக்கு. அந்தப் பதினெட்டு வயதுக்காரியிடம் இப்போது போய்ச் சொல்ல முடிந்தால் என்ன சொல்வது? பொய் சொல்லாதே என்றா? அந்தப் பொய் இல்லாவிட்டால் பட்டன் ஏது? தைரியமாக இரு என்றா? அதைத்தான் எல்லாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களே.

"ஒண்ணே ஒண்ணுதான்மா. பக்கத்து ரூம் கதவை இன்னும் கொஞ்சம் சீக்கிரமா தட்டுன்னு சொல்லியிருப்பேன். அவளும் உள்ளே தனியாத்தான் உட்கார்ந்திருந்தா. காதுல பாட்டே ஓடலையாம். யாரும் தன்கிட்ட பேசலைன்னு மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கச் சும்மா மாட்டி வச்சிருந்தாளாம். ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னா."

அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

அன்று வகுப்பு முடியும்வரை சின்னு கல்லூரியைச் சுற்றினாள். பின்படிக்கட்டுச் சுவருக்கு வேறு வர்ணம் அடித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தாள். அவ்வளவு இருட்டான இடமாகத் தெரியவில்லை. பக்கத்தில் மரத்தடியில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து லைப்ரரி ஜன்னல் வழியாக உள்ளே படிப்பவர்களின் தலை தெரியும் என்பது மறந்தே போயிருந்தது. அந்தத் தலைகளுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருந்தாள். நினைத்தால் அதுவும் ஒரு மாதிரி இனிமையாகத்தான் இருந்தது.

மாலையில் அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"நான் உள்ளே நுழைஞ்சதும் மொத்தக் கிளாசும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுதுடி. டீச்சர்னு நினைச்சுட்டாங்க. இல்லப்பா, நானும் உங்க கூடத்தான்னு சொன்னதும் ஒரே சிரிப்பு. அப்புறம் யாரும் பேசல. மத்தியானம் கார்ல வந்து படுத்துட்டேன். பாடம் ஒரு வரி புரியல. எனக்கு எதுக்குடி இந்த வேலை?"

'விட்டுடும்மா, வீட்டுக்குப் போகலாம்' என்ற வார்த்தை சின்னுவின் நாக்கு நுனிவரை வந்தது. மெத்தையைத் தூக்கி டிக்கியில் போடத் துடிக்கும் மனசு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, "சாவியைக் கொடு, நான் ஓட்டறேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா தனியாகப் போனாள். கண்ணாடிக் கடையில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துச் சின்னு போன் செய்தாள்.

"சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்றாள் அம்மா. பின்னால் ஒரே சத்தம். "என் பெஞ்சுல ஒருத்தி, பாங்க்ல வேலை, ரெண்டு பசங்க. கிளாஸ் ஆரம்பிச்சா போதும், தூங்கி விழறா. நான் கிள்ளி எழுப்பறேன். எனக்குப் புரியாததை அவ சொல்றா, தூங்காம கேட்ட பாதியை. பேரு தூங்குமூஞ்சின்னு வச்சிருக்கேன், கோவிச்சுக்கல."

"நிஜமாத்தானேம்மா?"

"நிஜம்டி. இரு இரு, டீக்குக் கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

சின்னு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா போனை வைத்துவிட்டாள்.