ஏழாம் நம்பர் ட்ராலி போய்வந்த நாடு

ஆவணி இரண்டாம் வெள்ளியன்று விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் பொதுச் சூளைக்குள் பதினான்கு ட்ராலிகள் போயின. பதிமூன்றுதான் வெளியே வந்தன. அன்று மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலை சற்று ஏறியிருந்தது, மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. அந்தச் சூளை குகை போல நீளமானது. உள்ளே தண்டவாளம் உண்டு. ஒரு வாயிலில் பச்சைச் சாமானை அடுக்கித் தள்ளிவிட்டால், ட்ராலி நெருப்புக்குள் மெல்ல நகர்ந்து ஒன்றரை நாளில் மறு வாயிலில் வெந்த சாமானோடு வந்து நிற்கும். வராமல் போனது ஏழாம் நம்பர். அதை அடுக்கியவள் அம்சவல்லி. இருபது வருடமாக அடுக்குகிறவள், மேல் தட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டுத்தான் அடுக்குவாள். தள்ளுகிற நேரத்தில் யாராவது ஒற்றைச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவள் எண்ணம். அன்றும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்த வீரம்மாள் என்கிற பெண், வேண்டுதலுக்காகத் தன் கையால் பிசைந்த ஓர் அகலை அந்த இடத்தில் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் ட்ராலி தானாக வந்து நின்றது. சக்கரங்களில் யாரும் பார்த்தறியாத ஒரு புல் சுற்றியிருந்தது. அதில் அடுக்கியிருந்த அறுபது பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் அகலையும் காணோம். அவை இருந்த இடத்தில் சுட்ட மண் பலகை ஒன்று இருந்தது. எந்த எழுத்தில் எழுதி அனுப்பினார்களோ, சூளை அதைத் தமிழாக வேகவைத்திருந்தது. ஓரிரு சொற்களில் மட்டும் வேப்பூர்ப் பக்கத்து இழுவை தெரிந்தது. “எங்கள் நாடு பெரியது, நாங்கள் கொஞ்சம் பேர். விடியலில் ஒரு வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கினால் அடுத்த வீடு வர இருட்டிவிடும். ரயில் போடலாமா, வேண்டாமா என்று எங்கள் சபை ஏழு வருடமாகப் பேசுகிறது. உங்கள் வண்டிதான் தண்டவாளத்தில் ஓடி நாங்கள் கண்ட முதல் வண்டி. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம்.” அகலை வாங்கிப்போக வந்த வீரம்மாளிடம் அது போன செய்தியைச் சொன்னபோது அவள், “போன எடத்துல எரிஞ்சா சரிதாங்க” என்று சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சூளை வழியாக வந்த கேள்விக்குச் சூளைக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பேட்டையில் முடிவாயிற்று. மேஸ்திரி கோவிந்தசாமி நல்ல மனிதர். சூளைக்கு எரிக்கிற எண்ணெய் ஒரு சொட்டு வீணானாலும் மனசு கேட்காதவர். “பாதி வண்டிக்கும் முழு எண்ணெய்தான் எரியுது. வண்டி நெரம்பாம உள்ள உடக் கூடாதுன்னு நாம சொல்றோம், ரயிலுக்கும் அதானே? மொதல்ல ஆளு சேரட்டும்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ ஆறிக்கொண்டிருந்ததால் அம்சவல்லியும் ஆட்டினாள். பதிலை ஈரமண்ணில் எழுதி, இரண்டு நாள் உலர்த்தி, ஏழாம் நம்பரில் ஏற்றித் தள்ளினார்கள். ட்ராலி போயிற்று, ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. “சபை உங்கள் சொல்லை ஏற்றது. ரயில் இல்லை. தொண்ணூறு நாளில் சபை கலையும், அதோடு இந்தப் பேச்சு முடிந்தது” என்று பலகையின் மேல்பாதியில் இருந்தது. கீழே வேறொரு கை, ஒரு தாயின் கை, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. “என் மகளுக்கு ஒன்பது வயது. வாரம் இரண்டு தரம் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் தலைநகர் ஆஸ்பத்திரியிலேயே வளர்கிறாள். குதிரையில் போக ஒன்பது நாள் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். போன தரம் என்னை யார் என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் மொத்தம் இருபத்தொரு பேர். நாங்கள் நிறையும்வரை அவள் என்னை மறந்துகொண்டே இருக்க வேண்டுமா?”

அம்சவல்லி அந்தப் பலகையை இரண்டு தரம் படித்தாள். திங்கட்கிழமை காலை மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். அந்தக் கோயிலில் முருகனிடம் குறையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். யார் மேல் பிராது, அவர் ஊர் எவ்வளவு தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “எதிராளி யாரும்மா?” என்றார்.

“நான்தாங்க.”

“தூரம்?”

“இங்கதாங்க நிக்கிறேன்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். ‘யோசிக்காமல் தலையாட்டியது என் குற்றம், அதனால் ஒரு தாய் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை’ என்பது பிராது. முனியப்பர் சன்னதி வேலில் அதைக் கட்டிவிட்டு நேராக வேலைக்கு வந்தாள்.

கொடுத்த பதிலை மாற்றினால் விருத்தாசலத்துக்காரர்களை என்னவென்று நினைப்பார்கள் என்றார் கோவிந்தசாமி. அதையே எண்பது நாள் சொன்னார். அம்சவல்லி சண்டை போடவில்லை, தினமும் ஒருமுறை கேட்பாள், அவ்வளவுதான். எண்பத்தோராம் நாள் அவர் ட்ராலிகளை எண்ணி, “எல்லாம் ஃபுல்லு, தள்ளு” என்றபோது அவள் மட்டும் தள்ளாமல் நின்றாள்.

“இது நெரம்பலீங்களே மேஸ்திரி. ஓரத்துல ஒரு சாண் கெடக்குது.”

“அது நீ எப்பவும் உடுற எடந்தானே? நாந்தான் கண்டுக்காம உடறேன்.”

“அப்ப இருவது வருசமா ஒரு வண்டியும் நெரம்பாமத்தான் உள்ள போயிருக்குது. உங்க பேத்தி செஞ்ச யானை எதுலங்க வெந்துச்சு?”

மெருகு பூசிக்கொண்டிருந்த சண்முகப்ரியா சிரித்துவிட்டாள். “டிவி மேல குந்தியிருக்குதே, அந்த யானையாக்கா? தும்பிக்கைகூட கொஞ்சம் கோணல்.” “கோணலாம் ஒன்னும் இல்ல” என்று கோவிந்தசாமி கோபப்பட்டார். பிறகு தானே போய் ஈரமண் பலகை ஒன்றை எடுத்து வந்து வைத்தார். “எழுது தாயி” என்றார்.

அம்சவல்லி எழுதினாள்: “முன்பு சொன்னது தவறு. எங்கள் வண்டி ஒருநாளும் நிறைந்ததில்லை. கடைசியில் ஒருவர் ஓடிவருவார் என்று இடம் விட்டுத்தான் தள்ளுகிறோம். அவர் வந்து நின்ற பிறகு வண்டி செய்ய நேரம் இருக்காது. ஆளை எண்ண வேண்டாம். அந்தத் தாய்க்காகப் போடுங்கள், மற்றவர்கள் ஏறிக்கொள்வார்கள்.” தொண்ணூறாம் நாள் பதில் வந்தது. கலைய எழுந்த சபை மறுபடி உட்கார்ந்து, போடுவது என்று தீர்மானித்துவிட்டதாம்.

அதன்பிறகு மூன்று வருடம் அந்த நாட்டுக்காரர்கள் செய்த வேலையைப் பேட்டையில் இன்றும் வாயாரப் பேசுகிறார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காத நாடு அது. ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசலிலிருந்து அடுத்த வாசல்வரை தாமே தண்டவாளம் போட்டார்கள். ஆள் இல்லாத வெளியில் இரண்டு பக்கத்து வீட்டாரும் பாதிப் பாதி போட்டு, நடுவில் சந்தித்து, ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொண்டார்கள். மின்கம்பிக்கு வேண்டிய பீங்கான் இன்சுலேட்டர்கள் இங்கிருந்து போயின. ஏழாம் நம்பரின் ஒரு சாண் இடத்தில் தரத்துக்கு ஒன்றாகத்தான் போயின. யாராவது ஒற்றை விளக்கோடு ஓடிவந்த நாளில் விளக்கு ஏறியது, இன்சுலேட்டர் அடுத்த தரத்துக்குக் காத்திருந்தது. ஒரு நாட்டின் ரயில் பாதை அப்படித்தான் போட்டு முடிந்தது. போன சித்திரையிலிருந்து மாலை ஐந்தே காலுக்குச் சூளைக்குள் ஓர் ஊதல் கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் பேட்டையில் டீ குடிக்கப் போகிறார்கள். கோவிந்தசாமி கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறார்.

வைகாசியில் ஏழாம் நம்பர் வீரம்மாளின் அகலோடு திரும்பியது. திரி எரிந்த கருமை விளிம்பெல்லாம் ஏறியிருந்தது. கூடவே ஒரு சின்னப் பலகை. “என் வாசல்தான் இங்கே ஸ்டேஷன். வேறு விளக்கு இல்லாததால் இதை ஏற்றித்தான் ரயிலை நிறுத்தினேன்; இப்போது நிற்கப் பழகிவிட்டது. வியாழன்தோறும் போகிறேன். என் மகள் ஜன்னலில் நின்று என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். எல்லாப் பெட்டியிலும் ஓர் இடம் காலியாக விடுகிறார்கள்.” அகலைச் சண்முகப்ரியா ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீரம்மாள் அதைக் கழுவாமலேயே பூவராகப் பெருமாள் சன்னதியில் ஏற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமை அம்சவல்லி மணவாளநல்லூர் போனாள். குறை தீர்ந்துவிட்டால் பிராதைத் திரும்பப் பெறுவதாக ‘ராஜினாமா’ எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதே மனிதர், அதே மூக்குக்கண்ணாடி. பழைய சீட்டைத் தேடி எடுத்துப் படித்தார்.

“தீந்துடுச்சாம்மா?”

“தீந்துடுச்சுங்க.”

“அந்தத் தாயிக்கும் புள்ளைக்கும் எவ்ளோ தூரம்னு எழுதாம உட்டுட்டியே.”

“ஒம்போது நாளா இருந்துச்சுங்க. இப்ப ஒரு பகலு.”

அவர் ‘ஒரு பகல்’ என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.